பழைய மேகமும் புதிய மேகமும்: அரசுப் பணிகளுக்கான ஓர் ஒப்பீடு

ஒரு காலத்தில் அரசுத்துறை ஒன்று கணிப்பொறி வசதி பெற விரும்பினால், முதலில் மூலதனச் செலவுக்கு நிதித்துறையின் இசைவைப் பெற வேண்டியிருந்தது. பின்னர் ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். குளிர்பதன அறை, தடையற்ற மின்சாரம், பராமரிப்பு ஊழியர் ஆகியவற்றுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். இவ்வளவும் முடிந்து இயந்திரம் வந்து சேர்வதற்குள் ஓராண்டு கடந்துவிடுவதும் உண்டு. வந்த இயந்திரமோ ஆண்டின் பெரும்பாலான நாட்களில் பாதித் திறனுக்கும் குறைவாகவே உழைக்கும். தேர்வு முடிவு வெளியாகும் நாளிலும், விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளிலும் மட்டும் சுமை தாங்காமல் திணறி நின்றுவிடும்.

இந்நிலையை மாற்றியது 'கிளவுட்' என்றும், தமிழில் 'மேகக் கணிமை' என்றும் வழங்கப்படும் வாடகைக் கணிப்பொறிச் சேவையாகும். இன்று அமைச்சகங்களும் மாநில அரசுகளும் பல்கலைக்கழகங்களும் வங்கிகளும் இச்சேவையை நாடுகின்றன. அப்போது எழும் முதற்கேள்வி, நீண்ட அனுபவமுள்ள பழைய மேடையைத் தேர்வதா, அதன் குறைகளைக் கண்டு பின்னர் எழுந்த புதிய மேடையைத் தேர்வதா என்பதே. இக்கேள்விக்கு விடை காண, உலக அளவிலும் நம் நாட்டிலும் இயங்கிவரும் இரண்டு மேடைகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. ஒன்று, 2006ஆம் ஆண்டில் தொடங்கிய அமேசான் வெப் சர்வீசஸ். மற்றொன்று, அதற்குப் பின்னர் களத்தில் இறங்கிய கூகுள் கிளவுட். இடையில், 2010ஆம் ஆண்டில் வணிகச் சேவையைத் தொடங்கிய மைக்ரோசாஃப்டின் அசூர் மேடையும் பெரியதே. எனினும் ஒப்பீடு தெளிவாக அமைய வேண்டி இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

மேகம் என்பது யாது?

பெயர் மேகம் என்றாலும் பொருள் தரையில்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் அடுக்கப்பட்ட பெரிய கட்டடங்களே தரவு மையங்கள். அங்குள்ள ஒரு கணிப்பொறியை மென்பொருளின் உதவியால் பல 'மெய்நிகர்க் கணிப்பொறி'களாகப் பகுத்து, வேண்டுவோருக்கு வேண்டிய நேரத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மின்வாரியத்திடமிருந்து மின்சாரம் பெறும் வீட்டுக்காரர் மின்நிலையம் அமைப்பதில்லை. மீட்டர் காட்டும் அளவுக்குக் கட்டணம் செலுத்துகிறார். அதுபோலவே இங்கும் பயன்படுத்திய அளவுக்கே கட்டணம்.

பொருளாதார மாணவர்கள் இதில் இரண்டு கருத்துகளை எளிதில் இனங்காண்பார்கள். முதலாவது, நிலைச் செலவு மாறும் செலவாக மாறுகிறது. இரண்டாவது, பெருமளவு உற்பத்தியின் சிக்கனம் கிட்டுகிறது. பல துறைகளின் உச்சத் தேவை ஒரே நாளில் வருவதில்லை. ஆகவே ஒவ்வொரு துறையும் தன் உச்சத் தேவைக்குத் தனித்தனியே இயந்திரம் வாங்குவதைவிட, எல்லோருக்கும் பொதுவான ஒரு தொகுப்பு குறைந்த இயந்திரங்களைக் கொண்டே அதே பணியைச் செய்துவிடும்.

ஆனால் மின்சாரத்தோடு ஒப்பிடுவதற்கு ஓர் எல்லையும் உண்டு. எந்த நிலையத்திலிருந்து வந்தாலும் மின்சாரம் ஒன்றே. விளக்கை மாற்ற வேண்டியதில்லை. கணிப்பொறிச் சேவை அப்படிப்பட்டதன்று. ஒரு நிறுவனத்தின் மேடைக்கென எழுதப்பட்ட மென்பொருள் மற்றொன்றில் அப்படியே இயங்கிவிடாது. இவ்வேறுபாடே பின்வரும் ஒப்பீட்டின் அச்சாணி எனலாம்.

இரு மேடைகளின் தோற்றம்

அமேசான் நிறுவனம் 2006 மார்ச் 14 அன்று 'எஸ்-3' எனும் தரவுச் சேமிப்புச் சேவையை அறிமுகப்படுத்தியது. ஒரு ஜிகாபைட் தரவை ஒரு மாதம் வைத்திருக்க 15 சென்ட் என்பது அன்றைய கட்டணம். அதே ஆண்டு ஆகஸ்டில் 'ஈசி-2' எனும் மெய்நிகர்க் கணிப்பொறிச் சேவை சோதனை அளவில் வந்தது; ஒரு மணி நேரத்துக்கு 10 சென்ட் வாடகை. முன்பணமோ நீண்டகால ஒப்பந்தமோ தேவையில்லை. கணிப்பொறித் திறனை மணிக்கணக்கில் யாரும் வாங்கலாம் என்ற நிலை பரவலாக உருவானது அப்போதுதான்.

கூகுள் வேறொரு வழியில் வந்தது. 2008 ஏப்ரலில் அது வெளியிட்ட 'ஆப் எஞ்சின்' சேவை, கணிப்பொறியை வாடகைக்குத் தரவில்லை. நிரலை எழுதிக் கொடுத்தால் போதும், அதை இயக்கும் பொறுப்பு எம்முடையது என்றது. எண்ணம் உயர்ந்ததே. ஆயினும் நிறுவனம் விதித்த வரையறைகளுக்குள் நிரலை எழுத வேண்டியிருந்தமையால், ஏற்கெனவே மென்பொருள் வைத்திருந்தவர்கள் அதனை அப்படியே கொண்டுசெல்ல இயலவில்லை. அமேசான் வெறும் இயந்திரத்தைத் தந்தது. அதில் எந்தப் பழைய மென்பொருளையும் ஏற்றலாம். சந்தை முதலில் அமேசானின் பக்கம் சாய்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும். கூகுள் 2012 ஜூனில் தானும் மெய்நிகர்க் கணிப்பொறிகளை வாடகைக்கு விடுவதாக அறிவித்தது. 2013 டிசம்பரில் அச்சேவை முழுமையாகப் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. இக்கட்டுரையில் 'புதிய மேடை' எனக் குறிப்பது இதனையே.

இந்த ஏழாண்டு இடைவெளியின் விளைவு இன்றும் தொடர்கிறது. 2024ஆம் ஆண்டில் அமேசானின் மேகப் பிரிவு ஈட்டிய வருவாய் சுமார் 10,756 கோடி டாலர். கூகுளின் மேகப் பிரிவு, அதன் அலுவலக மென்பொருள்களின் வருவாயையும் சேர்த்து, சுமார் 4,323 கோடி டாலர் ஈட்டியது.

அளவுகோலில் வந்த மாற்றம்

புதிதாக வருபவர் பழையவரிடமிருந்து வாடிக்கையாளரைக் கவர விலையைக் குறைப்பது இயல்பு. கூகுள் விலையைக் குறைத்ததோடு, விலையை அளக்கும் கோலையும் மாற்றியது. அமேசான் மணிக்கணக்கில் கட்டணம் வசூலித்தது. ஒரு மணிக்கு மேல் சில நிமிடங்கள் ஓடினாலும் இரண்டு மணிக்கான வாடகை. 2013ஆம் ஆண்டில் கூகுள், குறைந்தபட்சம் பத்து நிமிடம் என்ற வரம்புடன், நிமிடக் கணக்கைக் கொண்டுவந்தது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஒரு கல்வித்துறை 20 கூடுதல் கணிப்பொறிகளை ஒரு மணி 5 நிமிடம் இயக்குவதாகக் கொள்வோம். மணிக்கணக்கில் 40 மணி நேரத்துக்கான வாடகை செலுத்த வேண்டும். நிமிடக் கணக்கில் 1,300 நிமிடங்கள், அதாவது 21 மணி 40 நிமிடங்களுக்கான வாடகையே ஆகும். ஒரு மணிக்கான விலை மாறாதபோதும் செலவு ஏறத்தாழ 46 சதவிகிதம் குறைகிறது. கணிப்பொறி வாடகையில் 'அலகு' எவ்வளவு சிறியதோ, அவ்வளவுக்கு வீண்செலவு குறையும்.

2014ஆம் ஆண்டில் கூகுள் மற்றொரு சலுகையையும் தந்தது. அன்றைய விதிப்படி, மாதம் முழுவதும் ஒரு கணிப்பொறியை ஓடவிட்டால், கேளாமலே 30 சதவிகிதம் வரை தள்ளுபடி கிடைக்கும். அமேசானிடம் இதையொத்த தள்ளுபடி பெற ஓராண்டு அல்லது மூன்றாண்டுக்கு முன்கூட்டியே உறுதி கூற வேண்டியிருந்தது. மேலும், 2015ஆம் ஆண்டில் நினைவகத்தையும் செயலகத் திறனையும் வாடிக்கையாளரே தம் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளும் முறையையும் கூகுள் அறிமுகப்படுத்தியது. அமேசானின் பட்டியலில் பற்பல அளவுகள் இருப்பினும், அவை தைத்து வைத்த சட்டைகளைப் போன்றவை.

பழையவர் இதைக் கண்டு வாளாவிருக்கவில்லை. 2017 செப்டம்பரில் கூகுளும் அக்டோபரில் அமேசானும் வினாடிக் கணக்குக்கு மாறின. எஸ்-3 சேமிப்புக் கட்டணம் பன்முறை குறைந்து, அமெரிக்காவின் முதன்மை மண்டலங்களில் ஜிகாபைட்டுக்கு 2.3 சென்ட் என்ற அளவுக்கு வந்தது. போட்டியால் விளைந்த நன்மை, புதிய மேடைக்கு மாறாதவருக்கும் கிட்டியது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

அமைப்பு முறையில் வேறுபாடு

விலைகள் நெருங்கிவிட்டபோதிலும், இரு மேடைகளின் உள்ளமைப்பில் உள்ள வேறுபாடு மறையவில்லை.

அமேசான் உலகைப் பல 'மண்டலங்க'ளாகப் பிரித்தது. ஒவ்வொரு மண்டலமும் கூடியவரை தனித்து இயங்கும் ஒரு தீவு. வாடிக்கையாளரின் தனி வலையமைப்பும் ஒரு மண்டலத்துக்குள் அடங்கியதே; இரு மண்டலங்களை இணைக்கத் தனியே ஏற்பாடு செய்ய வேண்டும். கூகுளோ, தன் தேடல் சேவைக்காக உலகளாவிய வலையமைப்பை முன்னரே அமைத்திருந்தது. அதன்மேல் எழுந்த மேடையில் வாடிக்கையாளரின் வலையமைப்பு இயல்பாகவே உலகு தழுவியது. மும்பையில் உள்ள கணிப்பொறியும் தில்லியில் உள்ள கணிப்பொறியும் ஒரே அலுவலகத்தின் இரண்டு அறைகளைப் போலப் பேசிக்கொள்ள முடியும்.

நிர்வாகப் படிநிலையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. கூகுளின் முறையில் நிறுவனம், அதன் கீழ் கோப்புறை, அதன் கீழ் திட்டம் என்ற ஒழுங்கு உள்ளது. அமைச்சகம், துறை, பிரிவு என்ற அரசு அமைப்போடு இது எளிதில் பொருந்துகிறது. அமேசானில் ஒவ்வொரு 'கணக்கு'ம் தனித்தனியே நின்றது. அவற்றை ஒருங்கிணைத்து ஆளும் முறை பின்னர் சேர்க்கப்பட்டது. ஆகவே அதன் அமைப்பில், பழைய வீட்டுக்கு அவ்வப்போது அறைகள் கட்டிச் சேர்த்த சாயல் தெரிகிறது.

பழமைக்கு உரிய பலமும் உண்டு. சேவைகளின் எண்ணிக்கை, பயிற்சி பெற்ற பணியாளர்கள், ஏற்கெனவே பிறர் கண்டு தீர்த்த சிக்கல்களின் பதிவு ஆகியவை பழைய மேடையில் மிகுதி. பழைய வாடிக்கையாளரை அது எளிதில் கைவிடுவதுமில்லை. 2006ஆம் ஆண்டின் தொடக்க கால வலையமைப்பு முறையை நிறுத்தப்போவதாக அமேசான் 2021 ஜூலையில்தான் அறிவித்தது; 2023 ஆகஸ்டில்தான் அதன் கடைசிக் கணிப்பொறி நிறுத்தப்பட்டது. கூகுளோ, கருவிகளை இணையத்தோடு இணைக்கும் தன் 'ஐஓடி கோர்' சேவையை, பொதுப் பயன்பாட்டுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 2023 ஆகஸ்டில் மூடிவிட்டது. ஆயினும் பழைய மேடையை முற்றிலும் நிலையானது எனக் கொள்வதும் தவறு. 2024ஆம் ஆண்டில் அமேசானும் தன் சேவைகளில் சிலவற்றைப் புதிய வாடிக்கையாளருக்கு வழங்குவதை நிறுத்தியது.

செயலிழப்புகள் கற்பிக்கும் பாடம்

ஓர் அமைப்பின் இயல்பு அது பழுதாகும் விதத்தில் வெளிப்படும். 2017 பிப்ரவரி 28 அன்று, அமேசானின் வடக்கு வர்ஜீனியா மண்டலத்தில் சில கணிப்பொறிகளை விலக்க எண்ணிய ஊழியர் ஒருவர் கட்டளையைத் தவறாக இட்டமையால், மிகப் பல கணிப்பொறிகள் விலகிவிட்டன. எஸ்-3 சேவை ஏறத்தாழ நான்கு மணி நேரம் பாதிக்கப்பட்டது. 2025 அக்டோபர் 20 அன்று, அதே மண்டலத்தில், ஒரு தரவுத்தளச் சேவையின் இணைய முகவரிப் பதிவு வெறுமையாகிவிட்டது. அதன் விளைவாக வேறு பல சேவைகளும் பல மணி நேரம் தடைப்பட்டன. இரண்டு நிகழ்ச்சிகளிலும் பழுதின் பிறப்பிடம் ஒரு மண்டலமே. ஆனால் உலகெங்கும் உள்ள பல நிறுவனங்கள் அந்த ஒரே மண்டலத்தை நம்பியிருந்தமையால் பாதிப்பு பரந்து தெரிந்தது.

2025 ஜூன் 12 அன்று கூகுளில் நேர்ந்தது வேறு வகை. வெற்றிடங்கள் கொண்ட ஒரு கொள்கைப் பதிவு, உலகெங்கும் உள்ள மண்டலங்களுக்கு வினாடிகளில் பரவியது. அதைப் படிக்க முயன்ற கட்டுப்பாட்டு மென்பொருள் எல்லா இடங்களிலும் ஒருசேர நின்றுபோயிற்று. உலகளாவிய அமைப்பின் வசதி எதுவோ, அதுவே அன்று பழுது பரவும் பாதையாகவும் அமைந்தது. தீவுகளாகப் பிரிந்த அமைப்பில் இணைப்பு கடினம், பழுதைத் தடுத்து நிறுத்துவது எளிது. ஒன்றாக இணைந்த அமைப்பில் இணைப்பு எளிது, தடுத்து நிறுத்துவது கடினம். ஒன்றைப் பெற மற்றொன்றை ஓரளவு விட்டுக்கொடுக்கவே வேண்டும்.

மூன்றாவது நிகழ்ச்சி நம் அலுவலர்களுக்கு மிகவும் பயனுடையது. 2024 மே மாதத்தில், ஆஸ்திரேலியாவின் யுனிசூப்பர் எனும் ஓய்வூதிய நிதியம் கூகுள் மேடையில் வைத்திருந்த தனி மேகம் முழுவதும் தவறுதலாக அழிந்துபோயிற்று. அதை அமைத்த வேளையில் ஓர் இடம் நிரப்பப்படாமல் விடப்பட்டது. அதனால் அந்த மேகத்துக்கு ஓராண்டு ஆயுள் எனத் தானாகவே பதிவாகி, காலம் முடிந்ததும் அது நீக்கப்பட்டுவிட்டது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஏறத்தாழ ஒரு வார காலம் தங்கள் கணக்கைக் காண இயலவில்லை. ஆயினும் பணம் அழியவில்லை, தரவும் மீட்கப்பட்டது. மீட்புக்கு உதவியவற்றுள், அந்நிதியம் வேறொரு நிறுவனத்திடம் முன்னெச்சரிக்கையாக வைத்திருந்த காப்புப் பிரதிகளும் அடங்கும்.

போட்டியின் எல்லை

இதுவரை கண்டவற்றிலிருந்து, புதியவர் வருகையால் பழையவரும் திருந்தினார் என்பது தெளிவாகிறது. ஆனால் இந்த நன்மை எல்லாக் கட்டணங்களிலும் ஒரே அளவில் கிட்டவில்லை. வாடிக்கையாளர் எளிதில் மாறக்கூடிய இடங்களில் விலை குறைந்தது. மாறுவது கடினமான இடங்களில் விலை குறையவில்லை, சில இடங்களில் உயர்ந்தும் இருக்கிறது.

தரவை உள்ளே கொண்டுவருவதற்கு இரு மேடைகளிலும் கட்டணம் இல்லை. வெளியே அனுப்புவதற்குக் கட்டணம் உண்டு. ஒரு ஜிகாபைட்டுக்கு எட்டு ரூபாய் என ஒரு கணக்குக்காக வைத்துக்கொண்டால், 100 டெராபைட் ஆவணங்களை வெளியே எடுக்க எட்டு லட்சம் ரூபாய் ஆகும். அன்றாடச் செலவுப் பட்டியலில் தென்படாத இத்தொகை, மாற விரும்பும் நாளில்தான் எதிரே வந்து நிற்கும். கூகுள் தன் சேமிப்புச் சேவை சிலவற்றின் கட்டணத்தை 2022 அக்டோபர் முதல் உயர்த்தியது. அமேசான், 2024 பிப்ரவரி 1 முதல், பழைய வகைப் பொது இணைய முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரை சென்ட் வசூலிக்கத் தொடங்கியது. கூகுளின் மேகப் பிரிவு முதன்முறையாக இலாபம் காட்டியது 2023ஆம் ஆண்டின் முதற்காலாண்டில்தான். புதியவர் தரும் குறைந்த விலை, சந்தையில் இடம் பிடிக்கும் காலத்து விலையாகவும் இருக்கலாம் என்பதை நிதி ஆலோசகர்கள் மறக்கலாகாது.

பொருளாதாரத்தில் இதனை 'மாறுதற்செலவு' என்பர். வாடிக்கையாளரின் மாறுதற்செலவு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுக்கு விற்பவர் விலையை உயர்த்த இயலும்; அதற்கு மேல் உயர்த்தினால்தான் வாடிக்கையாளர் வெளியேறுவார். ஆகவே குறைந்த விலையைக் கேட்டுப் பெறுவதைப் போன்றே, மாறுதற்செலவைக் குறைத்து வைப்பதும் பேரம் பேசும் ஆற்றலேயாகும்.

இத்துறையில் உலக அளவில் மாற்றம் தொடங்கியிருக்கிறது. சேவையை விட்டு நீங்குவோரின் தரவு மாற்றக் கட்டணத்தை நீக்குவதாகக் கூகுள் 2024 ஜனவரியிலும் அமேசான் அதே ஆண்டு மார்ச்சிலும் அறிவித்தன. 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம், மேடை மாறுவதற்கான கட்டணங்களை 2027 ஜனவரி 12 முதல் அறவே நீக்க வகை செய்கிறது.

எது பெயரும், எது பெயராது?

தரவு மாற்றக் கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது. மென்பொருளும் பெயர வேண்டும். இங்கே புதிய மேடை அளித்த கொடை பெரிது. மென்பொருளை அதற்கு வேண்டிய துணைக்கருவிகளோடு ஒரே பொதியாகக் கட்டும் முறைக்குக் 'கொள்கலன்' முறை என்று பெயர். சரக்குக் கொள்கலன் எந்தத் துறைமுகத்திலும் இறங்குவது போல, இப்பொதி எந்த மேடையிலும் இயங்கும். இத்தகைய பொதிகளை ஆயிரக்கணக்கில் நிர்வகிக்கும் 'குபர்நெட்டீஸ்' மென்பொருளைக் கூகுள் 2014ஆம் ஆண்டில் யாவரும் பயன்படுத்தும் திறமூல மென்பொருளாக வெளியிட்டது. பின்தங்கியிருந்த நிறுவனம் இவ்வாறு செய்ததன் நோக்கம் எளிதில் விளங்கும். மாறுவது எளிதானால் ஆதாயம் பின்னால் வந்தவருக்கே. ஆயினும் பயன் எல்லோருக்கும் கிட்டியது. 2018ஆம் ஆண்டில் அமேசானும் அதே மென்பொருளைத் தன் சேவையாக வழங்கத் தொடங்கியது. மறுபுறம், அமேசானின் எஸ்-3 முறை பொது வழக்காகிவிட்டமையால், அம்முறையில் எழுதப்பட்ட கட்டளைகளைக் கூகுளின் சேமிப்பகமும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது.

ஆகவே லினக்ஸ் இயங்குதளம், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் போன்ற திறமூலத் தரவுத்தளங்கள், கொள்கலன்கள் ஆகியவற்றின் மேல் எழுப்பிய பணிகள் பெயரக்கூடியவை. அமேசானின் டைனமோ-டிபி, கூகுளின் ஸ்பானர், பிக்குவெரி போன்ற தனியுரிமைச் சேவைகளின் மேல் எழுப்பியவற்றைப் பெயர்க்கப் பெரும்பாலும் திரும்ப எழுத வேண்டிவரும். இச்சேவைகள் தரம் குறைந்தவை அல்ல. பல வேளைகளில் பணியை விரைந்து முடிக்க உதவுவன இவையே. ஆனால் அவற்றைத் தேர்கையில் ஒரு பிணைப்பையும் சேர்த்தே வாங்குகிறோம் என்பது கோப்பில் பதிவாக வேண்டும்.

நம் நாட்டின் நிலை

இந்திய அரசு இத்துறையில் முன்னரே கருத்துச் செலுத்தியது. 'மேகராஜ்' எனும் அரசு மேகத் திட்டத்துக்கான கொள்கை ஆவணங்கள் 2013ஆம் ஆண்டில் வெளிவந்தன. 2014 பிப்ரவரியில் தேசியத் தகவல் மையத்தின் தேசிய மேகம் தொடங்கப்பட்டது. தனியார் நிறுவனங்களின் சேவையைப் பெறும் துறைகளுக்காக, மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் தணிக்கைக்குப்பின் நிறுவனங்களைப் பட்டியலில் சேர்க்கும் முறை உள்ளது. இப்பட்டியலில் ஒரு நிறுவனத்தின் பெயரோடு, அதன் எந்தத் தரவு மையமும் எந்தச் சேவையும் ஏற்கப்பட்டுள்ளன என்பதையும், ஏற்பின் காலவரம்பையும் பார்த்தல் வேண்டும்.

அமேசான் 2016 ஜூனில் மும்பையிலும், 2022 நவம்பரில் ஐதராபாத்திலும் மண்டலங்களைத் தொடங்கியது. கூகுள் 2017இல் மும்பையிலும், 2021இல் தில்லியிலும் தொடங்கியது. ஆக, இரு மேடைகளிலும், முதன்மை மையம் ஒரு நகரிலும் பேரிடர்க் கால மாற்று மையம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் மற்றொரு நகரிலுமாக, தரவு நாட்டின் எல்லையைத் தாண்டாமலே பணிகளை நடத்த இயலும்.

இது வெறும் வசதி அன்று, சட்டத்தின் தேவையுமாகும். பணம் செலுத்தும் அமைப்புகளின் தரவு இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் ஆணையிட்டது. கணிப்பொறி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட கட்டளைப்படி, இயக்கப் பதிவேடுகளை 180 நாட்கள் பேண வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை வேறொருவரிடம் ஒப்படைத்து நடத்தினாலும் பொறுப்பு ஒப்படைத்தவரையே சாரும் என்ற நிலையை ஏற்படுத்துகிறது. வங்கிகளின் தகவல் தொழில்நுட்பப் பணிகளை வெளியில் ஒப்படைப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறை, மேகச் சேவையிலிருந்து வெளியேறும் திட்டத்தை முன்கூட்டியே வகுத்து வைக்க வேண்டும் என்கிறது. இக்கட்டுரையின் நோக்கில் மிகவும் குறிப்பிடத்தக்கது இக்கடைசி விதியே.

தேர்வு செய்யும் அலுவலருக்கு

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், பணியின் தன்மையே தேர்வை முடிவு செய்ய வேண்டும் என்பது புலனாகும். ஏற்கெனவே பல ஆண்டுகளாக இயங்கும் மென்பொருளை அதிக மாற்றமின்றிக் கொண்டுசெல்லவும், அதனை நடத்தப் பயிற்சி பெற்ற பணியாளரை எளிதில் பெறவும் விரும்பும் துறைக்குப் பழைய மேடை பொருந்தலாம். பெருந்தரவு ஆய்வு, கொள்கலன் முறையில் புதிதாக எழுதப்படும் மென்பொருள், பல நகரங்களை ஒரே வலையமைப்பில் இணைத்தல் ஆகியவற்றுக்குப் புதிய மேடை பொருந்தலாம். எதனைத் தேர்ந்தாலும், பின்வருவன கவனத்துக்குரியவை:

1. விலையை ஒப்பிடும்போது ஒரு மணிக்கான வாடகையை மட்டும் பாராமல், கணிப்பொறி, சேமிப்பு, வலையமைப்பு, தரவு வெளியேற்றம், தொழில்நுட்ப உதவி ஆகிய அனைத்தும் அடங்கிய ஐந்தாண்டு மொத்தச் செலவைக் கணக்கிட வேண்டும். வெளியேறும் செலவையும் அதில் ஓர் இனமாகச் சேர்க்க வேண்டும்.

2. காப்புப் பிரதிகளில் ஒன்றேனும் அதே நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே, இந்தியாவுக்குள், இருத்தல் வேண்டும். தேசியத் தகவல் மையமோ மாநிலத் தரவு மையமோ இதற்கு உதவலாம்.

3. காப்புப் பிரதி உண்டு என்ற சான்றிதழை ஏற்பதோடு நில்லாமல், ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதிலிருந்து பணியை மீட்டு இயக்கிப் பார்க்க வேண்டும். எத்தனை மணி நேரத்தில் மீண்டது என்பதைக் கோப்பில் பதிவு செய்ய வேண்டும்.

4. தனியுரிமைச் சேவை எதனைப் பயன்படுத்தினாலும், அதற்கான காரணத்தையும், அதனைக் கைவிட நேர்ந்தால் செய்ய வேண்டிய பணியையும் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

5. ஒப்பந்தம் முடியும்போது தரவு எந்த வடிவில், எத்தனை நாட்களுக்குள், எவர் செலவில் திருப்பித் தரப்படும் என்பது ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே இடம்பெற வேண்டும்.

6. மேடையின் நிர்வாகக் கணக்கு துறையின் பெயரிலேயே இருக்க வேண்டும். இடைத்தரகு நிறுவனத்தின் பெயரிலோ தனி அலுவலரின் பெயரிலோ இருத்தலாகாது.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்னர் செய்ய வேண்டியவை இவை. பின்னர் செய்ய முனைந்தால் செலவு பன்மடங்காகும்.

பழைய மேடை பன்முறை திருத்தப்பட்டுப் புதிதாகிவிட்டது; புதிய மேடைக்கும் பொதுப் பயன்பாட்டில் பத்தாண்டுக்கு மேல் வயதாகிவிட்டது. இன்று புதியது எனப்படுவதை விஞ்சி நாளை மற்றொன்று வரும். ஓய்வூதியம் பெறும் முதியவருக்கும் கல்வி உதவித்தொகை எதிர்பார்க்கும் மாணவிக்கும் தங்கள் பதிவு எந்த நிறுவனத்தின் கணிப்பொறியில் இருக்கிறது என்பது தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அப்பதிவு வேண்டியபோது வேறோர் இடத்திலும் திறக்கும் என்பதை உறுதி செய்வது, அவர்கள் சார்பில் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் அலுவலரின் கடமையாகும்.